சம்கிலா: மேடை கொடுத்த ஊர் நியாயம் கொடுக்கவில்லை

ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘அமர் சிங் சம்கிலா’ என்ற இந்திப் படம் 2024 ஏப்ரலில் நெட்பிளிக்ஸில் வெளியானது. இம்தியாஸ் அலி இயக்கம், தில்ஜித் தோசாஞ்ச் நடிப்பு. அந்தப் படம் வந்த பிறகுதான் நம் பக்கத்தில் பலருக்கும் சம்கிலா என்ற பெயர் தெரியவந்தது. ஆபாசமாகப் பாடியவர், அதனால் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்று படம் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். பாட்டுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே இன்னொன்றும் இருக்கிறது. அது அவர் பிறந்த சாதி. சம்கிலாவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அது கடைசியில்தான் வரும், அல்லது வராமலே போகும். இந்த வாரம் அதை முதலில் வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

நிலமில்லாத வீட்டுப் பிள்ளை

பஞ்சாபின் லூதியானா நகரை ஒட்டிய துக்ரி கிராமத்தில் 1960 ஜூலை 21 அன்று அவர் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் தன்னி ராம். குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. சமார் சாதியில் ராம்தாசியா எனப்படும் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தோல் வேலையும் நெசவும் கூலி வேலையும்தான் அந்தச் சமூகத்துக்கு ஊர் ஒதுக்கி வைத்த தொழில்கள்.

இந்திய மாநிலங்களில் தலித் மக்களின் விகிதம் அதிகமாக உள்ள மாநிலம் பஞ்சாப். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 32 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் 20 சதவீதம், நம் புதுச்சேரி ஒன்றியத்தில் 16 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு மக்கள் இருந்தும் அவர்கள் கையில் உள்ள விளைநிலம் மிகச் சிறிய பங்குதான். நிலம் ஜாட் சாதியிடம் இருக்கிறது. பசுமைப் புரட்சியில் கோதுமையும் நெல்லும் கொழித்தபோது பணம் போய்ச் சேர்ந்ததும் நிலம் வைத்திருந்தவர் வீட்டுக்குத்தான். எல்லோரும் சமம் என்று சீக்கிய குருமார்கள் போதித்தார்கள், ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஆனாலும் பல கிராமங்களில் தலித் மக்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. நெடுங்காட்டிலோ கோட்டுச்சேரியிலோ வயல் வேலைக்குப் போய் வந்த குடும்பத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிறுவன் தன்னி ராமுக்கு எலக்ட்ரீஷியன் ஆக ஆசை. அது நடக்கவில்லை. நமக்குத் திருப்பூர் எப்படியோ பஞ்சாபுக்கு லூதியானா அப்படி. பனியன், கம்பளி, துணி என்று ஊர் முழுக்க ஆலைகள். அப்படி ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆர்மோனியமும் தோல்கியும் வாசிக்கக் கற்றுக்கொண்டார். பாட்டுக் கட்டும் திறமை சிறு வயதிலேயே இருந்தது.

பாட்டு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது

பதினெட்டு வயதில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், அன்றைக்குப் புகழோடு இருந்த பாடகர் சுரிந்தர் ஷிண்டாவைச் சந்தித்தார். ஷிண்டா அவரைச் சீடராகச் சேர்த்துக்கொண்டார். தன்னி ராம் கட்டிய பாட்டுகளை ஷிண்டா பாடினார். முகமது சாதிக், கே.தீப் போன்ற பாடகர்களுக்கும் அவர் எழுதிக் கொடுத்தார். பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது, எழுதியவரை யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் கிடைத்த வருமானம் குடும்பம் நடத்தப் போதவில்லை. அதற்குள் கல்யாணமாகி, பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவர் எழுதிய பாட்டுகளில் ‘ஜட் தி துஷ்மணி’ பஞ்சாபில் மிகவும் பேர் பெற்றது. ஜாட் ஒருவனின் பகை எப்படிப்பட்டது என்று சொல்லும் பாட்டு. பின்னாளில் பல பாடகர்கள் அதைப் பாடிப் பதிவு செய்தார்கள். எழுதிய சம்கிலா மட்டும் தம் குரலில் அதைப் பதிவு செய்யவே இல்லை. நிலம் உள்ளவனின் வீரத்தை அவனே மெச்சும்படி எழுதித் தந்த கை ஒரு காணி நிலமும் இல்லாதவரின் கை. ஊரின் பெருமையை ஊருக்கு வெளியே இருப்பவர்தான் பாட்டாகக் கட்டித் தர வேண்டியிருந்தது. நம் டெல்டாவிலும் பறையும் நாட்டுப்பாட்டும் பல ஊர்களில் இப்படித்தான் வாழ்ந்து வந்திருக்கின்றன.

பிறருக்கு எழுதிக்கொண்டே இருந்தால் காலம் ஓடிவிடும் என்று புரிந்ததும் அவர் தாமே மேடை ஏறினார். அமர் சிங் சம்கிலா என்று பெயர் வைத்துக்கொண்டார். சம்கிலா என்றால் மின்னுபவன் என்று பொருள். முதலில் சுரிந்தர் சோனியா என்ற பாடகியோடு சேர்ந்து எட்டு ஜோடிப் பாடல்களைப் பதிவு செய்தார். அவை ஓடின. ஆனால் பணப் பங்கீட்டில் ஒத்துவராமல் அந்தக் கூட்டணி உடைந்தது. பிறகு 1980 வாக்கில் அமர்ஜோத் கவுர் வந்து சேர்ந்தார்.

அமர்ஜோத்

ஃபரீத்கோட்டைச் சேர்ந்த அமர்ஜோத் ஏற்கெனவே மேடை கண்டவர். குல்தீப் மானக் என்ற பெரிய பாடகரோடு பாடியவர். ஜாட் குடும்பத்தில் பிறந்தவர். சம்கிலாவின் பாட்டுகள் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் எசப்பாட்டு வகை. ஒருவர் கேலி செய்தால் மற்றவர் அதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதில் சரியாக விழாவிட்டால் பாட்டு படுத்துவிடும். அமர்ஜோத்தின் பதில் ஒருநாளும் சரியாமல் விழுந்தது. கணீரென்ற அந்தக் குரல் சேர்ந்த பிறகுதான் சம்கிலா பஞ்சாபின் முதல் வரிசைப் பாடகர் ஆனார்.

மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். தலித் ஆணும் ஜாட் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வது அன்றைய பஞ்சாபில் சாதாரண விஷயம் இல்லை. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே இந்தத் திருமணம் நடந்தது. சாதியை மீறிய துணிச்சலைப் பாராட்டும்போது, வீட்டில் பிள்ளைகளோடு விடப்பட்ட அந்தப் பெண்ணையும் மறக்கக் கூடாது.

வருஷத்துக்கு 366 மேடை

பஞ்சாபில் கிராமத்துத் திறந்தவெளிக் கச்சேரியை அகாடா என்பார்கள். மேடை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கல்யாண வீட்டு முற்றத்தில், இரண்டு வண்டிகளைச் சேர்த்துப் போட்டு, அல்லது வெறும் தரையில். தும்பி என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம், தோல்கி, ஆர்மோனியம், இரண்டு மைக். கூரையிலும் மரத்திலும் ஏறி ஜனங்கள் கேட்பார்கள். சம்கிலா தேதி கொடுத்த நாளுக்கு ஏற்பக் கல்யாணத்தை மாற்றி வைத்தவர்கள் உண்டு என்று பஞ்சாபில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். புகழின் உச்சியில் 365 நாட்களில் 366 நிகழ்ச்சிகள் நடத்தினார் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய குல்சார் சிங் ஷோங்கி கணக்கிட்டிருக்கிறார். ஒரு கல்யாணக் கச்சேரிக்கு 4,000 ரூபாய் வரை வாங்கினார் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அது கேள்விப்படாத தொகை.

கேசட் அதற்குத் துணை நின்றது. எச்எம்வி நிறுவனம் அவர் பாடல்களை வெளியிட்டது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டர்கள் நம் தெருக்களில் பாட ஆரம்பித்த அதே ஆண்டுகளில், பஞ்சாபின் லாரிகளிலும் டிராக்டர்களிலும் டீக்கடைகளிலும் சம்கிலாவின் குரல் ஓடியது. வானொலியும் படித்தவர்களும் ஒதுக்கினாலும் கேசட் கடை ஒதுக்கவில்லை. வெளிநாட்டுப் பஞ்சாபிகளும் அழைத்தார்கள். கனடா, அமெரிக்கா, துபாய், பஹ்ரைன் என்று போய்ப் பாடி வந்தார்.

இந்த வளர்ச்சியை யார் ரசித்தார்கள், யார் ரசிக்கவில்லை என்பதும் முக்கியம். நிலவுடைமைக் குடும்பங்களின் கல்யாணத்தில் நிலமற்றவர் மகன் முன்னே நின்று பாட, எல்லோரும் ஆடினார்கள். அவருக்குத் தேதி நிறையும்போது வேறு பாடகர்களுக்குத் தேதி குறைந்தது. தொழில் பொறாமை வளர்ந்தது.

ஆபாசம் என்ற குற்றச்சாட்டு

சம்கிலாவின் பாட்டுகளில் குடி இருக்கும். கொழுந்தன், மைத்துனி என்று முறை கடந்த உறவுகள் இருக்கும். இரட்டை அர்த்தம் தாராளமாக இருக்கும். பெண்ணை வெறும் உடலாகப் பார்க்கும் வரிகளும் உண்டு. அவர் நம்மவர் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டைத் தலித் எழுதினாலும் யார் எழுதினாலும் அது இழிவுதான்.

ஆனால் அந்த வகைப் பாட்டை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பஞ்சாபிக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டுப் பெண்களே பச்சையாகக் கேலி செய்து பாடும் ‘சித்னியான்’ பாட்டுகள் தலைமுறை தலைமுறையாக உண்டு. நம் ஊர் நலுங்கிலும் நடவிலும் மாமன் மச்சான் கேலி எந்த அளவுக்குப் போகும் என்று மூத்த பெண்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சம்கிலாவின் காலத்தில் வேறு பல ஜோடிகளும் இதே மாதிரிப் பாட்டுகளைப் பாடிச் சம்பாதித்தார்கள். குற்றச்சாட்டு எல்லோர் மேலும் இருந்தது. அதன் முழுப் பாரமும் சம்கிலா தலையில் வந்து இறங்கியது. கூட்டம் அவருக்கு அதிகம் என்பது ஒரு காரணம். சமூகத்தில் அவருக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை என்பது இன்னொரு காரணம்.

மூடிய கதவுக்குள் நடப்பதைத் தெருவில் பாடினார் என்பதும் உண்மை. வரதட்சணை, குடிகாரக் கணவன், வெளிநாட்டு மோகம், கள்ள உறவு என்று கௌரவக் குடும்பங்கள் பேச விரும்பாதவை அவர் பாட்டில் வந்தன. கூலிக்காக வீட்டுக் கொல்லைப்புறம் வரை போய் வரும் சாதிக்கு அந்த வீட்டின் ரகசியங்கள் தெரியும். தெரிந்ததை மைக்கில் சொன்னதுதான் பலருக்கு உறுத்தியது.

துப்பாக்கியின் காலம்

அது பஞ்சாப் ரத்தம் சிந்திய காலம். 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் டெல்லியில் சீக்கியர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். கிராமங்களில் ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆயுதக் குழுக்கள். 1987-ல் மாநில அரசு கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி வந்தது. அதே ஆண்டில் ஆயுதக் குழுக்கள் சமூகச் சீர்திருத்தம் என்ற பெயரில் கட்டளைகள் போட்டன. கல்யாணத்தில் பாட்டும் ஆட்டமும் மதுவும் இறைச்சியும் கூடாது, மாப்பிள்ளை ஊர்வலத்தில் இத்தனை பேருக்கு மேல் வரக் கூடாது என்றெல்லாம் உத்தரவுகள் வந்தன.

கல்யாண மேடையை நம்பி வாழ்ந்த கலைஞர்களுக்கு இது வயிற்றில் அடித்த உத்தரவு. சம்கிலாவுக்கு மிரட்டல்கள் வந்தன. பக்திப் பாடல்களும் பதிவு செய்தார். ‘பாபா தேரா நன்கானா’, ‘தல்வார் மேன் கல்கிதர் தி’ இரண்டும் இன்றும் கேட்கப்படுகின்றன. ஆபாசப் பாடகர் என்று திட்டியவர்களின் வீட்டிலும் அவை ஒலித்தன. ஆனால் அகாடாவில் கூட்டம் பழைய பாட்டைத்தான் கேட்டது. அதைப் பாடினால்தான் அடுத்த தேதி கிடைக்கும், குழுவில் உள்ள வாத்தியக்காரர்களுக்கும் கூலி கிடைக்கும். அவரும் பாடினார்.

1988 மார்ச் 8. ஜலந்தர் மாவட்டத்தின் மெஹ்சாம்பூர் கிராமத்தில் நிகழ்ச்சி. பிற்பகல் இரண்டு மணி அளவில் வண்டியிலிருந்து இறங்கிய நேரத்தில், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். சம்கிலா, அமர்ஜோத், குழுவினர் ஹர்ஜீத் சிங் கில், பல்தேவ் சிங் தேபு ஆகிய நால்வரும் இறந்தார்கள். சம்கிலாவுக்கு வயது 27. அன்று சர்வதேச மகளிர் தினம். பஞ்சாபின் மிகப் பெரிய மேடைப் பாடகியும் அன்றுதான் கொல்லப்பட்டார். ஆனால் அந்தக் கொலையைச் சம்கிலாவின் கொலை என்றே உலகம் சொல்கிறது.

இன்னும் முடியாத வழக்கு

கொன்றது யார்? மதத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் என்கிறார்கள் சிலர். தொழில் போட்டியாளர்கள் ஏவிவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். ஜாட் பெண்ணைக் கல்யாணம் செய்த தலித்தை ஆணவத்தால் தீர்த்துக் கட்டினார்கள் என்கிறார்கள் வேறு சிலர். மூன்றில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இந்தக் கொலைக்காக ஒருவர்கூடக் கைது செய்யப்படவில்லை. சாதிக்காகத்தான் கொன்றார்கள் என்று அடித்துச் சொல்ல நம்மிடம் ஆதாரம் கிடையாது. சாதிக்காக இல்லை என்று சொல்லவும் எவரிடமும் ஆதாரம் கிடையாது. பட்டப்பகலில், ஊர் பார்க்க, நான்கு பேரைச் சுட்ட வழக்கு அப்படியே கிடக்கிறது.

சம்கிலா இறந்து இரண்டு வாரத்தில், மார்ச் 23 அன்று, கவிஞர் பாஷ் தம் சொந்த ஊரில் காலிஸ்தான் ஆயுதக் குழுவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பாஷின் கவிதை பள்ளிக்கூட இந்திப் பாடநூல் வரை போயிருக்கிறது. அது நியாயமான மரியாதை. சம்கிலாவை மட்டும் நெடுங்காலம் லாரி ஓட்டுநர்களும் கூலிக்காரர்களும்தான் நினைவில் வைத்துக் காப்பாற்றினார்கள். பெரிய பத்திரிகைகளும் சினிமாவும் பல ஆண்டுகள் கழித்தே அவர் பக்கம் திரும்பின.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் நிறைவேறி, 1990 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. சம்கிலா கொல்லப்பட்டபோது அந்தச் சட்டமே இல்லை. சட்டம் வந்த பிறகும் நிலைமை என்ன? விருத்தாசலம் பக்கம் 2003-ல் கண்ணகியையும் முருகேசனையும் கொன்ற வழக்கில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2021-ல். பதினெட்டு ஆண்டு விடாமல் போராடியதால் கிடைத்த தீர்ப்பு அது. மெஹ்சாம்பூர் கொலைக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதுகூடக் கிடைக்கவில்லை.

இன்றைய ராப் பாட்டும் நம் தெருவும்

நம் பிள்ளைகளின் செல்போனில் இப்போது பஞ்சாபி ராப் பாட்டுகள் ஓடுகின்றன. மொழி புரியாவிட்டாலும் தாளம் பிடித்திருக்கிறது. ஹிப்-ஹாப் என்பது 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய கலை. அதை எடுத்துக்கொண்ட பஞ்சாபிப் பாட்டுகளில் பலவற்றில் நிலமும் துப்பாக்கியும் ஜாட் பெருமையும் நிறைந்திருக்கின்றன. ஒடுக்கப்பட்டவர் கண்டுபிடித்த கலை, அங்கே போனதும் நிலம் உள்ளவர் மீசை முறுக்கப் பயன்படுகிறது.

அந்தப் பாடகர்களில் பெரும்புகழ் பெற்ற சித்து மூஸ்வாலா 2022 மே 29 அன்று மான்சா மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. அப்போது பலரும் சம்கிலாவை நினைவுபடுத்திப் பேசினார்கள். மூஸ்வாலா வழக்கில் கைதுகள் நடந்தன, குற்றப்பத்திரிகை வந்தது. அப்படித்தான் நடக்க வேண்டும். அதே மான்சா மாவட்டத்தில் 2006-ல் தலித் பாடகரும் விவசாயத் தொழிலாளர் சங்கப் போராளியுமான பந்த் சிங், ஆதிக்க சாதியினரால் தாக்கப்பட்டு இரண்டு கைகளையும் ஒரு காலையும் இழந்தார். மருத்துவமனைப் படுக்கையிலும் பாடுவதை அவர் நிறுத்தவில்லை. பின்னாளில் டெல்லி ராப் கலைஞர்கள் அவர் வீட்டுக்கே போய் அவரோடு சேர்ந்து பாட்டுப் பதிவு செய்தார்கள். பஞ்சாபி ராப் என்றால் இதையும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். 2018 தொடக்கத்தில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து சாதியின் பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டன. சம்கிலாவுக்குக் கிடைக்காத மேடை அது.

நம் காரைக்காலுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 19-ம் நூற்றாண்டில் இங்கே இருந்த சீசய்யா என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில்தான் அச்சேறியது. பண்ணையாளின் துயரத்தைக் கேட்டு ஊர் உருகியது. ஆனால் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையே மேடையேறிப் பாடினால் ஊர் என்ன செய்யும்? சம்கிலாவின் வாழ்க்கை இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் கசப்பானது. கைதட்டியது, பணம் கொடுத்தது, ஆபத்து வந்தபோது ஒதுங்கிக்கொண்டது.

இதை வடநாட்டுக் கதை என்று தள்ள முடியாது. இங்கேயும் திருவிழா ராத்திரியில் கரகாட்டக்காரரும் பறையிசைக் கலைஞரும் கானா பாடுபவரும் வேண்டும். விடிந்ததும் அவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், பேசிய பணம் முழுசாகக் கைக்கு வந்ததா, ராத்திரி எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்பவர் குறைவு. ஆடல் பாடல் நிகழ்ச்சியில் ஆபாசம் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடுகிறது. அது சரி. நிபந்தனையை மீறியதாகப் புகார் வந்தால் முதலில் மாட்டுவது ஆடிய பெண்ணும் பாடிய ஆளும்தான். அந்தப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பியவர் பெயர் வெளியே வராது. சாதிப் பெருமைப் பாட்டை ஒலிபெருக்கியில் போடச் சொல்பவர் பெயரும் வராது.

இந்தத் திருவிழாப் பருவத்திலாவது நம் கொம்யூன் ஊர்களின் விழாக் குழுக்கள் சில காரியங்களைச் செய்யலாம். கலைஞருக்குப் பேசிய தொகையை எழுத்தில் கொடுக்கட்டும். உடை மாற்றவும் படுக்கவும் கௌரவமான இடம் கொடுக்கட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் பாதுகாப்பாக வண்டி ஏற்றிவிடட்டும். நோட்டீசில் ‘குழுவினர்’ என்று பொதுவாகப் போடாமல், பாடுபவர் பெயரையும் அடிப்பவர் பெயரையும் ஆடுபவர் பெயரையும் முழுதாக அச்சிடட்டும். நம் இளைஞர்கள் தங்கள் தெருவில் உள்ள மூத்த பாடகர்களின் பாட்டுகளைச் செல்போனிலாவது பதிவு செய்து வைக்கட்டும். மெஹ்சாம்பூரில் இறந்த நால்வரில் இருவரின் பெயர் சம்கிலாவின் ரசிகர்களுக்கே சரியாகத் தெரியாது. ஹர்ஜீத் சிங் கில், பல்தேவ் சிங் தேபு. மேடையில் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள், அவரோடு சேர்ந்து செத்தவர்கள்.